பெரிய வீட்டு பைகேயின் பாலிசி

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஏழாவது பாலிசியில், "விவரங்களை வாடிக்கையாளர் முன் உரக்க வாசித்தேன்" என்ற கட்டத்தில், வாசிக்காமலேயே குறியிட்டேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கைபேசியை அவர் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியாக விரலால் காட்டினேன். அவரும் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது, நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதுங்கள், நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதாதீர்கள் என்று மாலை வகுப்பில் எங்கள் கணக்குப்பதிவு ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதனால் இதை முதலில் எழுதிவிட்டேன். மற்றது இனி.

மருந்துக்கடையில் எனக்கு மதியம் இரண்டு மணி வரைதான் வேலை. செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்கு வகுப்பு. இடையில் கிடக்கும் நேரத்துக்காகத்தான் வாகனக் காப்பீட்டு முகவர் வேலையை எடுத்துக்கொண்டேன். நரின் நகர அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, கைபேசியில் ஒரு ஆப்பை ஏற்றி, எனக்கென்று ஓர் எண்ணும் கொடுத்தார்கள். 0417. ஒரு மாதம் சோதனைக் காலம். இன்று ஒன்பதாம் நாள்.

செய்முறை எனக்கு மனப்பாடம். வண்டியின் பதிவுச் சான்றைப் படம் எடுக்க வேண்டும். ஓட்டுபவரின் லைசென்ஸைப் படம் எடுக்க வேண்டும். பெயரையும் எண்ணையும் ஆப் தானாகவே படித்து நிரப்பிக்கொள்ளும். நிரம்பியதை முகவர் உரக்க வாசிக்க, வாடிக்கையாளர் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். அது பதிவாகி நரினுக்குப் போகும். முதல் ஆறு பேருக்கும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். வாடகை வண்டி நிறுத்தத்தில் ஒருவர், "பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நான் நிறுத்தாமல் வாசித்து முடித்தேன். படிவம் என்றால் எனக்குப் பயமில்லை.

ஏழாமவர் என் மூத்தார். கணவரின் பெரிய அண்ணன். கல்யாணமாகி வந்த வாரமே கணவரின் அண்ணன்மார் இருவருக்கும் நான் வேறு பெயர் வைத்துவிட்டேன். பைகே என்றால் அண்ணன். தகரக் கூரை போட்டு இரண்டு மாடி கட்டியவர் பெரிய வீட்டு பைகே. அவருக்கு அடுத்தவர் ஆற்றங்கரை பைகே. கணவரின் மூத்தவர்கள் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பது எங்கள் முறை. அவர்களின் சொந்தப் பெயர்களை நான்கு வருடமாக நான் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

இன்று மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டனுப்பினார். சனிக்கிழமை ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு டோலோன் கணவாய் தாண்டி பிஷ்கெக் போகிறார். பதினைந்து பேர் உட்காரும் வேன். சலிமா எஜே (அக்காவை நாங்கள் எஜே என்போம்), அவர் மனைவி, என் ஓரகத்தி, தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"கெலின், நான் யார் மேலயாவது இடிச்சா அவனுக்குப் பணம் போகும். என் வண்டிக்கு ஒண்ணும் கிடையாது. அப்படித்தானே?" என்று பைகே கேட்டார். கெலின் என்றால் வீட்டுக்கு வந்த மருமகள்.

"உங்க வண்டிக்குத் தனி பாலிசி எடுக்கணும், பைகே. இது எதிராளிக்கு."

"அப்ப என்மேல இடிக்கப்போறவனும் உன்கிட்ட பாலிசி எடுத்திருக்கணும்."

"அதுக்குத்தான் ஊர் பூரா அலைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டு, லைசென்ஸ் வேனில் வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகியிருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். எடுத்து, படம் பிடித்து, வாசிக்கும் இடம் வரை வந்தேன். பிறகு நடந்ததைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

பதினொரு மணிக்கு நரினிலிருந்து வெனேரா எஜே கூப்பிட்டார். எங்கள் மாவட்ட முகவர்களை மேற்பார்வையிடுகிறவர். கடையில் கூட்டம் இல்லை.

"பெரிசாத், உங்க ஏழாவது பதிவைக் கேட்டேன்."

"சொல்லுங்க, எஜே."

"சொல்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்லையேம்மா. நாற்பது நொடி யாரோ டீ உறிஞ்சறாங்க. நடுவுல ஒரு ஆடு கத்துது."

"அது கன்னுக்குட்டி, எஜே. குளிருக்கு உள்ள கட்டியிருந்தாங்க."

"சரி, கன்னுக்குட்டி. உங்க குரல் எங்க?"

"நான் காட்டினேன். அவர் தலையாட்டினார்."

"தலையாட்டுறது பதிவுல எப்படிக் கேக்கும்?"

அவர் எனக்கு என்ன உறவு என்று சொன்னேன். வெனேரா எஜே பிஷ்கெக்கில் வளர்ந்தவர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்குப் புரியுது. எங்க மாமியாரும் அப்படித்தான் இருந்தாங்க. ஆனா தலைமை அலுவலகத்துக்கு நான் என்னன்னு எழுதறது? வாடிக்கையாளர் முகவருக்கு மூத்தார், அதனால முகவருக்கு வாய் வரலைன்னா?"

நான் பேனாவை எடுத்தேன்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒழுங்கான பதிவு வரணும். வரலைன்னா பாலிசி ரத்து. வாசிக்காம வாசிச்சதா குறி போட்டதுக்கு உங்க எண்ணையும் மூடிடுவாங்க. சோதனை மாசத்துல இருக்கறவங்களுக்கு இரண்டாவது தடவை கிடையாது. நான் உங்களை நல்லா செய்யறவங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். அதை மாத்த வெச்சுடாதீங்க."

இந்த எண் எனக்கு வேண்டும். மருந்துக்கடையில் நான் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறவள். இதில் ஆட்கள் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். என் பதிலை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒன்பது நாளில் ஏழு பேர். எனக்கு இது வரும் என்று எனக்கே தெரிகிறது. வாசிக்க முடியாமல் போய் இதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

அதனால் பின்னறைக்குப் போய், இருமல் மருந்து அடுக்கைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பாதி வந்தது. கடைக்கார எஜே கதவைத் திறந்து, "அங்க யாரைத் திட்டிக்கிட்டு இருக்க?" என்றார். சரக்கு எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவும் ஒரு பொய். எழுதி வைக்கிறேன்.

வீட்டில் அபாவிடம் சொன்னேன். என் மாமியாரை நாங்கள் எல்லோரும் அபா என்றுதான் கூப்பிடுவோம். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தவில்லை.

"குடு, நான் வாசிக்கறேன். என் வயித்துல பொறந்தவன். பேர் வெச்சதே நான்தான்."

"முகவர் குரல்தான் இருக்கணுமாம், அபா."

"என் குரலுக்கு என்ன குறை?"

"உங்களுக்கு எண் கிடையாதே."

"எழுபது வருஷமா எண் இல்லாமத்தான் பேசிக்கிட்டிருக்கேன்." இன்னொரு கிழங்கை எடுத்தார். "சொல்லித்தான் ஆகணும்னா சொல்லிக்கோ. என் காதுல விழாத இடத்துல சொல்லு. ஆனா, பதிவுன்னு சொல்றியே, அது எல்லாருக்கும் கேக்குமில்ல?"

என் கணவர், அண்ணன் இதையெல்லாம் பொருட்படுத்தமாட்டார், தைரியமாக வாசித்துவிடு என்கிறார். அவர் சொல்வது சரிதான். பெரிய வீட்டு பைகே பொருட்படுத்தமாட்டார். எனக்குத் தடையாக இருப்பது அவரில்லை. சலிமா எஜே பத்தொன்பது வருடமாக அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவருக்குப் பின்னால் வந்த நான், அவர் சமையலறையில் உட்கார்ந்து, அவர் ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு, அதைச் சத்தமாகச் சொல்வதா? அபராதம் கட்டு என்றால் கட்டிவிடலாம். இது அப்படி இல்லை.

ஒருவேளை நான் இதைப் பெரிதாக்குகிறேனோ என்னவோ. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டரை மணிக்குப் பெரிய வீட்டுக்குப் போனேன். பைகே இல்லை. குதிரைகளைப் பார்க்கக் குளிர்கால மேய்ச்சலுக்குப் போயிருக்கிறார், நாளை மதியம் வருவார் என்றார் சலிமா எஜே. அங்கே சிக்னல் கிடையாது. ஆக, நாளை மதியத்துக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்தான் எதையும் செய்ய முடியும்.

விஷயத்தை முழுவதும் சொன்னேன். எண்ணை மூடிவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். சலிமா எஜே எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளை, போர்சோக்கை, என் பக்கம் தள்ளி, பாலாடைக் கிண்ணத்தையும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வண்டி நம்பரை வாசிக்கலாம்ல?"

"வாசிக்கலாம்."

"லைசென்ஸ் நம்பரை?"

"வாசிக்கலாம், எஜே. பேர் வரியிலதான் நின்னுடுவேன்."

"நான் வாசிக்கலாம்னா எனக்கும் அதே கதை. இந்த வீட்டுல அவர் பேரைச் சொல்றதுக்குக் கன்னுக்குட்டியைத்தான் பழக்கணும்."

இருவரும் சிரித்தோம். பிறகு நான், பெயரைச் சொல்லாமல் எப்படித்தான் பத்தொன்பது வருடம் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். கேட்கவேண்டும் என்று யோசித்துக் கேட்டதில்லை. பேச்சு ஓடட்டும் என்றுதான்.

"எங்க சமாளிச்சேன்? போன வருஷம் குடலிறக்க அறுவைக்கு நரின் ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோமே. நர்ஸ் பொண்ணு ரஷ்யக்காரி. 'உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?'ன்னா. நான் கதவுல ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டி, மேலருந்து மூணாவதுன்னேன். 'எனக்குக் கண்ணாடி இல்லை, வாயால சொல்லுங்க'ன்னா. உயரமா இருப்பாரு, மீசை வெச்சிருப்பாருன்னேன். 'இந்த அறையில ஆறு பேருக்கு மீசை இருக்கு'ன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நேரா கட்டிலுக்குப் போயி அவரையே கேட்டுட்டா."

கையிலிருந்த போர்சோக்கை வைத்துவிட்டேன். இரண்டு நாளாக நான் எப்படிச் சொல்வது என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவரையே கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. முறை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற எனக்கு இது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அங்கிருந்தே வெனேரா எஜேயைக் கூப்பிட்டேன். நான் கேள்வி கேட்டு, வாடிக்கையாளர் தானே தன் பெயரைச் சொன்னால் செல்லுமா?

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. இருங்க, விசாரிச்சுச் சொல்றேன்."

இருபது நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"செல்லும். பதிவுல உங்க குரலும் இருக்கணும், அவர் குரலும் இருக்கணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. அவர் சொல்றதும் திரையில இருக்கறதும் ஒண்ணுதானான்னு நீங்க பார்த்து, ஒவ்வொண்ணுக்கும் 'சரி'ன்னு சொல்லணும். அது உங்க பொறுப்பு."

"சொல்றேன், எஜே. 'சரி'ங்கறது யார் பேரும் இல்லையே."

அவர் சிரித்தார். சலிமா எஜே, "என்னவாம்?" என்றார். நான், நாளை பைகே வந்ததும் எனக்குச் சொல்லியனுப்புங்கள், அவர் வாயாலேயே வாசிக்க வைக்கிறேன் என்றேன்.

"குதிரை மேலருந்து இறங்கினதும் பசின்னுதான் வாயைத் திறப்பார். சோறு போட்டுட்டுச் சொல்லி விடறேன்."

வகுப்பில் இன்று கவனமாக இருந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுதியதை இப்போது படித்தால், காரியம் முடிந்துவிட்டதைப் போல எழுதியிருக்கிறேன்.

இரண்டேகாலுக்குப் பெரிய வீட்டில் இருந்தேன். பைகே சாப்பிட்டு முடித்து, காலுறையை அடுப்படியில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மீசையில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவைப் போட்டேன்.

"வண்டியோட பதிவு எண் என்ன, பைகே?"

சொன்னார். திரையைப் பார்த்தேன். "சரி."

"வண்டி எந்த வருஷத்துது?"

சொன்னார். "சரி."

"வண்டியை ஓட்டப்போறவர் பேர்?"

பட்டாளத்தில் ஆஜர் சொல்வதைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தகப்பன் பெயர் மூன்றையும் சொன்னார். கன்றுக்குட்டி திரும்பிப் பார்த்தது. சலிமா எஜே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் "சரி" என்று வாயில் வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. நான் அந்த வரியைப் பார்க்கவில்லை. மேல் வரியைப் பார்த்தேன், கீழ் வரியைப் பார்த்தேன். நடுவில் பெயர் இருக்கும் இடத்தில் என் கண் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. தபாலில், மின்சாரச் சீட்டில், கல்யாணப் பத்திரிகையில், நான்கு வருடமாக இதே பழக்கம். வாய் மட்டும்தான் சொல்லாமல் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை விரலால் காட்டியபோதும் நான் பார்க்காமல்தான் காட்டியிருக்கிறேன்.

கண்ணை அந்த வரிக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திப் படித்தேன்.

அவர் சொன்ன பெயர் அங்கே இல்லை. குடும்பப் பெயர் சரி, தகப்பன் பெயர் சரி. நடுவில் இருந்தது ஆற்றங்கரை பைகேயின் பெயர்.

"என்ன கெலின், என் பேர் பிடிக்கலையா?"

"சரியில்லை, பைகே." இது பதிவில் இருக்கிறது. என் குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன். "இதுல இருக்கறது நீங்க இல்லை."

கைபேசியைக் கொடுத்தேன். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சலிமா எஜே மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை கண்ணாடி இல்லாமல்தான் தலையாட்டினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இது என் தம்பியில்ல?"

வேனுக்குப் போய் லைசென்ஸை எடுத்துவந்தார். மூன்று பேரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். அதே மூக்கு, அதே மீசை, ஒட்டக் கத்தரித்த அதே தலை. நவம்பரில் இறைச்சிக்குக் குதிரை வாங்க இருவரும் சேர்ந்து போனபோது வழியில் சோதனைக்கு நிறுத்தினார்களாம். இருவரிடமும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததில் மாறியிருக்கிறது.

"மூணு மாசமா இதை வெச்சுத்தான் ஓட்டறேன். நாலு தடவை போலீஸ்காரன் நிறுத்திட்டான். ஒருத்தன்கூட ஒண்ணும் கேக்கலை."

"இனிமே சாயங்காலம் வீட்டுக்கு வர்றது எந்த அண்ணன் தம்பின்னு நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார் சலிமா எஜே.

நான் சிரிக்கவில்லை. நாளை கணவாயில் பனி. பதினைந்து பேர். ஏதாவது ஆகி, பாலிசியை எடுத்துப் பார்த்தால், அதில் ஓட்டுநர் வேறு ஒருவர். நான்தான் விற்றேன்.

வெனேரா எஜேயைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"தப்பு உங்க கேள்வியாலதான் வெளிய வந்திருக்கு. அந்தப் பதிவை அழிக்காம அப்படியே அனுப்புங்க. பழைய பாலிசியை நான் ரத்து பண்ணிடறேன். சரியான லைசென்ஸோட புதுசு போடுங்க. ஆனா பெரிசாத், அஞ்சு மணி அஞ்சு மணிதான். அதை நான் நகர்த்த முடியாது."

மணி இரண்டு ஐம்பது. சரியான லைசென்ஸ் ஆற்றங்கரை பைகேயின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் டிராக்டரில் வைக்கோல் ஏற்றப் போயிருக்கிறார், கீழ் வயலுக்கு. கைபேசியை எடுக்கவில்லை. பெரிய வீட்டு பைகே வேன் சாவியை எடுத்தார்.

"வா, ஏறு. பத்து நிமிஷத்துல போயிடலாம்."

"நான் ஏறமாட்டேன், பைகே. நீங்களும் எடுக்கக்கூடாது. லைசென்ஸ் உங்ககிட்ட இல்லை."

"நவம்பர்லருந்து ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்."

மூத்தாரிடம் இப்படி ஒரு வார்த்தை நான் பேசியதே இல்லை. பெயரைச் சொல்வதைவிட இது பெரிய மரியாதைக் குறைவோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அவர் என்னைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"குதிரைக்கு லைசென்ஸ் வேண்டாமே?"

"வேண்டாம், பைகே."

"அதுக்கும் இன்சூரன்ஸ் கேப்பியோன்னு பயந்துட்டேன்." காய்ந்தும் காயாத காலுறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். சலிமா எஜே மூன்று முறை தேநீர் மாற்றினார். நான் புதிய படிவத்தைத் திறந்து, வண்டிப் பக்கத்தை மட்டும் நிரப்பி வைத்தேன். மூன்றரை. மூன்றே முக்கால். எண் போய்விட்டால் கணக்கு வகுப்பை முடித்துவிட்டு வேறு ஏதாவது பார்க்கலாம் என்று ஒரு பக்கம் யோசித்தேன். இன்னொரு பக்கம், இல்லை, போகாது, நான் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்றும் இருந்தது. இரண்டாவதுதான் கொஞ்சம் கனமாக இருந்தது.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்குக் குதிரை வந்தது. பின்னாலேயே டிராக்டரும் வந்தது. ஆற்றங்கரை பைகே தலை முழுக்க வைக்கோலோடு இறங்கி, உள்கோட்டுப் பைக்குள் கையை விட்டு லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை நாளா உன் மூஞ்சியைத்தான் நெஞ்சுல வெச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கேன்" என்றார் அண்ணனிடம்.

"அதனாலதான் உனக்கு இந்த வருஷம் சளியே பிடிக்கலை."

கையில் வாங்கினேன். முதலில் படத்தைப் பார்த்தேன், எதிரில் நின்றவரைப் பார்த்தேன். பிறகு பெயரைப் படித்தேன். மனசுக்குள்தான், ஆனால் முழுவதும் படித்தேன். செல்லுபடியாகும் தேதியையும் பார்த்தேன். படம் எடுத்தேன். ஆப் நிரப்பியதை மறுபடி படித்தேன். ஒலிப்பதிவைப் போட்டுக் கேள்விகளைக் கேட்டேன். பெரிய வீட்டு பைகே சொல்லச் சொல்ல, அந்தந்த வரியில் கண்ணை வைத்துக்கொண்டு "சரி" என்றேன். மொத்தம் ஒன்பது சரி. பெயர் வரியில் சொன்ன சரி மற்றவற்றைவிடக் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். வாசல் கேட்டருகில் போய் நின்று அனுப்பினேன். நாலு முப்பத்தெட்டு. நாலு ஐம்பத்தொன்றுக்கு வெனேரா எஜேயிடமிருந்து செய்தி: "கிடைத்தது. பாலிசி நாளை முதல் செல்லும். உங்கள் எண் திறந்தே இருக்கும். ரத்தான பாலிசி உங்கள் பெயரில் ஒரு பிழையாகப் பதிவாகும்." கீழே இன்னொரு வரி: "இனி எல்லோரிடமும் இப்படியே கேளுங்கள்."

பிழை பதிவாவது நியாயம்தான். பிழை இருந்தது.

உள்ளே வந்து சொன்னேன். பெரிய வீட்டு பைகே, நாளை கல்யாணக் கூட்டத்திடம் எங்கள் கெலின் என்னை என் வேனிலேயே ஏறவிடவில்லை என்று சொல்லப்போகிறாராம். சொல்லட்டும். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்காவது வண்டி இருக்கும்.

ஆற்றங்கரை பைகே போர்சோக்கை மென்றுகொண்டே, "எனக்கும் ஒண்ணு போடணுமா?" என்று கேட்டார். அவருடைய ஹோண்டா ஃபிட்டுக்கு இதுவரை எதுவும் எடுத்ததில்லை.

"போடணும், பைகே."

"என்னை யாரு நிறுத்தப்போறா?"

"நாலு தடவை நிறுத்தியிருக்காங்களே, உங்க லைசென்ஸை."

பெரிய வீட்டு பைகே தொடையில் தட்டிச் சிரித்தார். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு வா. இப்ப என் மூஞ்சி என்கிட்டயே வந்துடுச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் ஆறு பாலிசிகளையும் திறந்து, லைசென்ஸ் படத்தையும் பெயரையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஆறும் சரி. அபா, பெயரைச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை, பார்த்தேன் என்றேன். பார்ப்பதில் தப்பொன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

நாளை: மருந்துக்கடை விடுமுறை. காலை பத்து மணிக்கு ஆற்றங்கரை வீடு, ஹோண்டா ஃபிட், வலது பக்க ஸ்டியரிங் (இங்கே வழக்கம் இடது). லைசென்ஸை அவர் கையிலிருந்தே வாங்க வேண்டும். படத்தை அவர் முகத்தோடு ஒப்பிட வேண்டும். கேள்வி கேட்டு, பெயர் வரியைப் பார்த்து, பிறகு சரி சொல்ல வேண்டும்.